கணக்கில் இல்லாத நீர்யானை

அந்த விலங்குக் காட்சிசாலையில் கணினித் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் சர்வரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு விலங்கைக் கூண்டு மாற்றினால் பழைய கூண்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டும், புதிய கூண்டில் சேர்க்க வேண்டும், தீவனக் கணக்கைத் திருத்த வேண்டும். மூன்றையும் ஒரே செயல்முறையாக எழுதி, மையக் கணினியான சர்வருக்குள்ளேயே சேமித்து வைத்திருந்தாள். யார் எந்தக் கணினியிலிருந்து கூப்பிட்டாலும் அதுதான் ஓடும். மூன்றும் முடிந்தால்தான் மாற்றம் நிலைக்கும். நடுவில் எது தடுக்கினாலும் ஒன்றுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதில் இருந்த ஒரே குறை, அது ஒழுங்காக வேலை செய்ததுதான். அதனால் அப்படி ஒன்று இருப்பதே இயக்குநருக்குத் தெரியாது.

இயக்குநரின் மச்சான் ஏதோ கம்பெனியிலிருந்து விலகி, அல்லது விலக்கப்பட்டு, அக்கா வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தம்பியின் திறமை வீணாகிறதே என்று அக்கா கவலைப்பட்டாள். அக்கா கவலைப்பட்டால் இயக்குநருக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரமே மச்சான் நவீனமயமாக்கல் ஆலோசகர் ஆகிவிட்டான்.

சர்வருக்குள் எதையும் எழுதி வைப்பது கற்காலப் பழக்கம் என்று வந்ததும் தீர்ப்புச் சொன்னான். செயல்முறையைத் தூக்கிவிட்டு, ஊழியர்களின் செல்போனில் ஓடும் செயலி ஒன்றை இறக்கினான். பெயரை நீக்க சிவப்புப் பொத்தான், சேர்க்க பச்சைப் பொத்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"சிவப்பை அமுக்கினதும் நெட் போயிடுச்சுன்னா?" என்று சர்வரம்மா கேட்டாள்.

"ஏன் மேடம் எப்பவும் நெகட்டிவாவே யோசிக்கிறீங்க?"

நெட்டும் நெகட்டிவாகத்தான் யோசித்தது. நீர்யானையைப் புதுக் குளத்துக்கு மாற்றிய அன்று, அதைப் பராமரிப்பவர் சிவப்பை அமுக்கினார். விரல் பச்சைக்குப் போவதற்குள் இணைப்பு செத்துப்போனது. திரும்ப வந்ததும், முதலில் சிவப்பை அமுக்கச் சொல்லி செயலி அடம்பிடித்தது. சிவப்பை அமுக்கினால், நீக்க எதுவும் இல்லை என்று கைவிரித்தது. குளத்தில் நீர்யானை சொகுசாக மூழ்கி எழுந்துகொண்டிருந்தது. கணினியைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிராணியே கிடையாது.

இல்லாத பிராணிக்குப் புல் தர முடியாது என்று தீவனக் கிடங்குக்காரர் கறாராகச் சொன்னார். நேரில் வந்து பார்க்கச் சொல்லிப் பராமரிப்பவர் கெஞ்சினார். பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும் என்பதால் அவர் வரவில்லை. விலங்கு தப்பி ஓடியிருக்கலாம் என்று மச்சான் அறிக்கை எழுதினான். தேடுதல் குழு ஒன்று அமைந்தது. நிழல் நன்றாக இருந்ததால் குளக்கரையிலேயே கூடி ஆலோசித்தது. பசியில் நீர்யானை வாயைப் பிளந்து கத்தியபோது, இரைச்சலாக இருக்கிறது என்று குழு வேறு மரத்தடிக்கு நகர்ந்தது.

சர்வரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு வீட்டைக் காலி பண்ணிட்டோம், இன்னொரு வீட்டுல குடி வைக்கல. நம்ம கணக்குல நீர்யானை நடுரோட்டுல நிக்குது."

"அப்ப மச்சான் பண்ணது தப்புங்கறீங்களா?"

"அதை நான் வேற சொல்லணுமா சார்?"

இயக்குநர் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். அது மனைவியின் காதுபோலவே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"பழையபடியே போட்டுடும்மா. பழசுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

மதியத்துக்குள் செயல்முறை சர்வருக்குள் வந்து உட்கார்ந்தது. இந்த முறை பெயர்களும் கணக்குகளும் இருக்கும் அட்டவணைகளை நேராகத் தொடும் உரிமையையும் அவள் எல்லோரிடமிருந்தும் பிடுங்கிவிட்டாள்; செயல்முறை வழியாகப் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீர்யானை மறுபடி கணக்கில் பிறந்தது. வண்டி நிறையப் புல் போனது. அது தின்று முடிக்கும்வரை அவள் குளக்கரையிலேயே நின்றாள்.

அடுத்த கூட்டத்தில் மச்சான் அதே செயல்முறையைத் தன் புதிய கண்டுபிடிப்பாக அறிமுகப்படுத்தினான். உள்ளே என்னதான் நடக்கிறது என்று கால்நடை மருத்துவர் ஆர்வமாகக் கேட்டார். மச்சான் சர்வரம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கண்டுபிடிச்சவங்களே சொன்னாத்தான் சார் மரியாதை" என்றாள் அவள், பணிவாக.

மச்சான் எதிர்காலத்தைப் பற்றி நெடுநேரம் பேசினான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.