தண்ணீரில் யாருக்கு யார் ஜோடி

“அடியில கண்ணாடி வச்ச படகுன்னு நேத்தே பேசி முடிச்சாச்சு. இப்ப வந்து நீ—”

“யாரு முடிச்சா? நீங்களே பேசினீங்க, நீங்களே முடிச்சுக்கிட்டீங்க. நான் வாயைத் திறக்கவே—”

“திறக்கலைன்னா சரின்னுதான் அர்த்தம்! நம்ம வீட்ல எப்பவும் அப்படித்தானே?”

“அதான் இப்பத் திறக்கிறேன். நாளைக்கு நான் பவளப்பாறைக்குத்தான் போறேன் அக்கா. ஸ்நார்கெலிங்.”

“அடேயப்பா! அந்த வார்த்தையை நாக்கு தடுக்காமச் சொல்லக்கூட யாரோ பழக்கி விட்டிருக்காங்க.”

“அதென்ன யாரோ? ஆளைச் சொல்லுங்களேன்.”

“தொப்பிக்காரி!”

சொல்லிவிட்டு மூத்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தக் கேபினில் ஒருத்தி எழுந்து நின்றால் இன்னொருத்தி உட்கார்ந்தாக வேண்டும். சண்டையைக்கூட முறை வைத்துத்தான் போட வேண்டியிருந்தது.

இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மூத்தவளுக்கு முன்பக்கம்: வாடிக்கையாளர், ஃப்ரேம், பேச்சு, சிரிப்பு. இளையவளுக்குப் பின்னறை: லென்ஸ் அரைக்கும் இயந்திரம், ஈரத்துணி, சத்தம். “இதை யார் அரைச்சது, ரொம்ப நல்லா இருக்கே?” என்று யாராவது கேட்டால், “உள்ள ஒருத்தி வேலை பாக்கிறா” என்பாள் மூத்தவள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நால்வரும் முதன்முதலாகக் கப்பல் ஏறியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் குறட்டையையும் சீட்டுக்கட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கேபினுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை கப்பல் ஒரு தீவில் நிற்கும். யார் எந்த உலாவுக்கு என்று இன்றைக்கே கீழே மேசையில் சொல்லிவிட வேண்டும்.

“கண்ணாடிப் படகுக்கு என்ன குறைச்சல்? நனைய வேண்டாம், மூச்சு முட்ட வேண்டாம். உக்காந்த இடத்துல குனிஞ்சா மீன்.”

“வருஷம் பூரா கண்ணாடி வழியாப் பாத்தது போதாதா அக்கா? கடலுக்கு வந்தும் கண்ணாடியா?”

“நீ மூஞ்சியில மாட்டிக்கப் போற மாஸ்க் மட்டும் என்னவாம், மல்லிகைப்பூவா?”

இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: “உங்களைத்தான் மொதல்ல கேட்டேன். கப்பல் ஏறின அன்னிக்கே, சாப்பாட்டு மேசையில.”

கேட்டாள்தான். மூத்தவளுக்கு மறக்கவில்லை. ‘கடல்ல இறங்கிப் பாக்கலாமா அக்கா, நாம ரெண்டு பேரும்?’ என்று கேட்டாள். ‘இந்த வயசுல என்னை ரப்பர் வாத்து மாதிரி மிதக்கச் சொல்றியா? நீ வேணா மித. உனக்கு மண்டையில காத்துதானே, முழுகவே மாட்டே’ என்று இவள் சொல்ல, அண்ணனும் தம்பியும் புரையேறும்படி சிரித்தார்கள். இளையவளும் சிரித்தாள். பிறகு மடியில் பாதி திறந்து வைத்திருந்த பையின் ஜிப்பைச் சத்தமில்லாமல் இழுத்து மூடினாள். கைக்குட்டையை உள்ளே வைக்கிறாள் என்று நினைத்தாள் மூத்தவள்.

“ஒரு தடவ முடியாதுன்னு சொன்னா, ரெண்டாந்தடவ கேக்கக் கூடாதா? கேட்டா தேஞ்சா போயிடுவே?”

“மறுபடியும் மண்டையில காத்துன்னு கேட்டுக்கிறதுக்கா?”

“அதுக்குள்ள ஜோடி கிடைச்சிட்டா, வேற என்ன!”

“ஜோடி இல்லாமத் தண்ணியில விட மாட்டாங்களாம். ஒருத்தர் கண்ணு ஒருத்தர் மேலயே இருக்கணுமாம். அவங்க தனியா வந்தவங்க, கேட்டாங்க.”

“அவங்களாம், இவங்களாம்! அம்பத்தெட்டு வயசுக்காரியைக் குட்டி குட்டின்னு கூப்பிடுறா, நீயும் பல்லு தெரியச் சிரிக்கிறே.”

தொப்பிக்காரி அதே மேசையில் சாப்பிடும் பயணி, மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவள். அகலமான நீலத்தொப்பி ஒன்றைக் காலை உணவுக்கும் கழற்றாமல் வருவாள். மூத்தவளுக்குத் தொப்பி பிடிக்காமல் போனது கப்பலேறிய இரண்டாம் நாள்தான். முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலை, இளையவள் எப்போதும்போல் ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கி வைத்தாள். அந்த ஓரங்கள் மூத்தவளுக்குரியவை. கடையின் பின்னறையில் நின்றபடி அவசரமாகத் தின்ற எல்லாக் காலைகளிலும் ஒருத்தி நடுவைத் தின்பாள், மற்றவள் ஓரத்தைத் தின்பாள். யாரும் யாரையும் கேட்டதில்லை. அன்றைக்குத் தொப்பிக்காரி பேசிக்கொண்டே கையை நீட்டி ஓரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இளையவள் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வேறு கொடுத்தாள். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ரொட்டிக்காக யாராவது எரிவார்களா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எரிச்சல் நிற்கவில்லை.

“சரி அக்கா. ரெண்டாந்தடவயும் கேக்கிறேன். நாளைக்கு என் கூடத் தண்ணியில இறங்குறீங்களா?”

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. அது வந்த விதம்தான் பிடிக்கவில்லை.

“பிச்சை போடுறியா? நான் கத்தினதுக்கு அப்புறம் கேக்கிறது எந்தக் கணக்குல சேர்த்தி? போ, உன் தொப்பிக்காரியோடயே போ!”

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மெதுவாகத்தான் மூடும் கதவு அது. எவ்வளவு வேகமாக இழுத்தும் பெருமூச்சு விட்டபடி நிதானமாக மூடிக்கொண்டது.

உலா மேசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பின்னால் பெரிய எழுத்துகளில் பலகை: சந்தை, கண்ணாடிப் படகு, பவளப்பாறை.

“பவளப்பாறைக்குப் போறவங்களுக்கு ஆபத்து எதுவும் இருக்காப்பா?”

“பயப்படாதீங்கம்மா. மிதவைச் சட்டை குடுப்போம், கூடவே ஆள் வருவாங்க. நீச்சல் தெரியலைன்னாலும் பரவாயில்ல.”

இவளுக்கு வேண்டியது அந்தப் பதில் இல்லை. “எல்லாரையும் விட்டுடுவீங்களா?”

“எல்லாரையும் இல்ல. நெஞ்சுவலி, வலிப்பு இந்த மாதிரி இருக்கிறவங்களைத் தண்ணியில இறக்க மாட்டோம்.”

வார்த்தையை அவரே எடுத்துக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

“அப்படின்னா ஒரு ஆளுக்குச் சொல்லணும். முப்பத்தோராம் நம்பர் கேபின். வலிப்பு வரும் அவளுக்கு. சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நாங்க சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டோம்.”

ஊழியர் கணினியில் தட்டத் தொடங்கினார். முகத்தில் நிஜமான கவலை. “நல்லவேளை சொன்னீங்க. உங்களுக்கு அவங்க என்ன வேணும்?”

“என் தங்கச்சி.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வெளியாள் ஒருவரிடம் அவளைத் தங்கச்சி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“அடடே, பெரியக்கா! நீங்களும் வரீங்களா?” தொப்பி முதலில் வந்தது, பின்னால் அவள் வந்தாள். கையில் வார் பிடித்து ஒரு நீச்சல் மாஸ்க்கை ஆட்டிக்கொண்டே.

“நான் ஏன் வரேன்? அழைக்க வேண்டியவங்க அழைச்சா போகலாம்.”

“குட்டி கூப்பிடலையா? இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்கே அவ உறுதி சொல்லலையே. ‘இருங்க, இன்னொரு தடவ கேட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்’னா. யாரைன்னு சொல்லல.”

மூத்தவளின் பார்வை அவள் கையில் ஆடிய மாஸ்க்குக்குப் போனது.

“இதைப் பாருங்களேன், உங்க கடைக் கைவேலை. உள்ளயே பவர் வச்சு ஒட்டியிருக்கா. அவளுக்கு ஒண்ணு, இது ஒண்ணு. சும்மாதான் கிடக்கு, போட்டுப் பாருங்கன்னு குடுத்தா. போட்டேன், தலை கிர்ருன்னு சுத்திடுச்சு. ஒரு கண்ணுல எதுவும் தெரியல, இன்னொரு கண்ணுல பாதி தெரியுது. யாருக்குத்தான் செஞ்சாளோ!”

“குடுங்க இப்படி.”

கடையில் அவளுக்கு அது பழக்கம். பழைய கண்ணாடியோடு யார் வந்தாலும், மெஷினில் வைக்கும் முன்பே கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாக எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்தைப் பார்த்து ஓர் ஆட்டு ஆட்டுவாள். எழுத்து எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்தே பவர் சொல்லிவிடுவாள்.

மாஸ்க்கைப் பலகைக்கு நேராகப் பிடித்தாள். வலக்கண் பக்கத்தில் எழுத்துகள் பொடிப்பொடியாகச் சுருங்கின. கை போன பக்கமே தடதடவென்று ஓடின. கடுமையான பவர். இடக்கண் பக்கத்தில் அவ்வளவாக அசையவே இல்லை. மெல்லத் திருப்பினாள், ‘சந்தை’ என்ற சொல் மட்டும் கத்தரிக்கோல் விரிவதுபோல் ஒருபுறமாகச் சாய்ந்தது.

இப்படி ஒரு கண் அவர்கள் கடைக்கு வரும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் கிடையாது. ‘உங்க மூக்குக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு, அந்தப் பக்கம் வேற ஊரு அக்கா’ என்று ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் பின்னறையிலிருந்து சிரிப்பாள் இளையவள்.

“தெரிஞ்சுதா, யாருக்குன்னு?” என்றாள் தொப்பிக்காரி.

“இது... இருக்கட்டும். நான் வச்சுக்கிறேன்.”

தொப்பிக்காரி இவள் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள், ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. மருந்துக்கடைக்காரி, மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பாதி கேட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். “அப்ப நான் சந்தைக்கே போயிட்டு வரேன்” என்று மட்டும் சொல்லி நகர்ந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மூத்தவளுக்குத் தாங்கியிருக்கும்.

மேசைப் பக்கம் திரும்பினாள். “தம்பி, கொஞ்சம் முன்னாடி சொன்னேன்ல, அந்த வலிப்பு. அதை எடுத்துடுப்பா.”

“எடுக்க முடியாதும்மா.”

“அவளுக்கு அதெல்லாம் இல்ல. நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன்.”

“அதெப்படிம்மா தெரியாம வரும்? டாக்டர் பாத்து எழுதிக் குடுக்கணும். டாக்டர் இனிமே நாளைக்கு மத்தியானம்தான் பாப்பார். படகு காலைலயே போயிடும்.”

“பொய் சொன்னேன்னு போட்டுக்கோ. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“பொய்னு போட இதுல இடம் இல்லம்மா.” அவர் குரல் தணிந்துதான் இருந்தது. “நாளைக்கு உயிர் போனா யார் பதில் சொல்றது? அவங்க கேபினுக்கும் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். அதான் முறை.”

“போன் வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்.”

“முறைம்மா” என்றபடி அவர் ரிசீவரை எடுத்தார்.

லிஃப்டில் வேறு யாரும் இல்லை. மூத்தவள் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து அழுத்தினாள். மூக்கை மூடிக்கொண்டது. தண்ணீரே இல்லாமல் மூச்சு முட்டியது. எதிரே இருந்த கண்ணாடியில் அவள் முகம் ரோமம் ரோமமாகத் தெரிந்தது. இரண்டு கண்ணும் ஒரே ஊரில் இருந்தன. அவ்வளவு சரியாக அரைத்திருந்தாள். வழியில் ஏறிய ஒரு தம்பதி இவளைப் பார்த்துவிட்டு மாடி எண்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவசரமாகக் கழற்றினாள், வார் கொண்டையில் சிக்கிக்கொண்டது.

நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். முந்திவிடலாம் என்று நினைத்தாள். கதவைத் திறக்கும்போதே பேசத் தொடங்கினாள்.

“ஏய், இங்க பாரு, எனக்குத்தான் செஞ்சேன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாளைக்கு நானும் வரேன், வாத்து மாதிரியே மிதக்கிறேன், போதுமா? இல்லன்னா ரெண்டு பேரும் கண்ணாடிப் படகுக்கே—”

இளையவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தொலைபேசி இருந்தது. ரிசீவரைக் கீழே வைத்திருந்தாள். கை மட்டும் இன்னும் அதன் மேல் இருந்தது. இவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவள் கையிலிருந்த மாஸ்க்கைப் பார்த்தாள்.

“போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இடது பக்கம் சாய்வு சரியா உக்காந்திருக்கா? உங்க பழைய ஃப்ரேமை வச்சுத்தான் அளவெடுத்தேன். ரெண்டு தடவ உடைஞ்சுது.”

“சரியா இருக்கு. ரொம்பச் சரியா இருக்கு. தண்ணியிலயும் தெரியுமில்ல?”

“தெரியும்.”

அடுத்த கேபினில் சீட்டைக் குலுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் ஏதோ சொல்ல, தம்பி சிரித்தார். மூத்தவள் உட்கார இடம் பார்த்தாள். இளையவள் நகரவில்லை. கதவு அப்போதுதான் பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

“அக்கா, எனக்கு எந்த வயசுலேர்ந்து வலிப்பு?”