அருவி வளைவில் இரண்டு ஹார்ன்

லாரி நின்றதை யாஸ்னாவால் நம்பவே முடியவில்லை. விடிந்ததிலிருந்து மழையில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றதில் விரல் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

"ஏறு மகளே! அது என்ன விரலா, வேகவெச்ச சிப்பியா? மூட்டையைப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள தள்ளிட்டு வா. உள்ள மீன் வாடை அடிக்கும், மூக்கைப் பிடிச்சுக்க."

"நான் குளிச்சே மூணு நாளாச்சு மாமா. நீங்கதான் மூக்கைப் பிடிச்சுக்கணும்."

அவர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். பெயர் நொல்பெர்டோ. பக்கத்துக் கிராமமான கலேத்தா ஓண்டாக்காரர். அந்தக் கரையில் அள்ளும் சிப்பியையெல்லாம் ஃபெர்ரி ஏற்றி அக்கரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரே லாரி அவருடையது. கம்பளித் தொப்பி, ஷேவ் செய்யாத முகம், ஓயாத வாய்.

அந்த வாய்தான் யாஸ்னாவுக்குத் தடையாக இருந்தது. வழக்கமாக ஏறி உட்கார்ந்ததுமே ஜாக்கெட் பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டிவிடுவாள். "இவனைப் பார்த்திருக்கீங்களா?"

தம்பி தனிலோ. பத்தொன்பது வயது. தெற்குச் சிலியின் எல்லாப் பையன்களையும்போல முதுகில் மூட்டை, நீட்டிய விரல் என்று போன இலையுதிர் காலத்தில் கிளம்பியவன். சிவப்பு மூட்டை. கலேத்தா ஓண்டாவில் ரொட்டி வாங்கியிருக்கிறான். ஃபெர்ரியில் ஏறவில்லை. நடுவில் இருப்பது இந்த ஒரே சாலைதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாறையில் மோதும் கடல். போலீஸ் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. அம்மா ராத்திரியில் வாசல் கதவைத் தாழிடுவதையே விட்டுவிட்டாள். பொறுக்க முடியாமல் யாஸ்னா அதே மாதத்தில், அதே வழியில், தம்பி போனமாதிரியே கிளம்பியிருந்தாள். அவன் எங்கே என்று தெரிய வேண்டும். உயிரோடா இல்லையா, எதுவானாலும்.

"மாத்தே குடி. சூடா இருக்கு" என்று மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டினார் நொல்பெர்டோ. "என் பெண்டாட்டி சக்கரை போடறதைப் பாவம்னு நினைக்கிறவ. கசக்கும்."

அப்போது சாலையோரத்தில் ஒரு மாடம் வந்தது. ரோட்டில் செத்தவர்களுக்காக வீட்டார் கட்டுகிற பொம்மை வீடு. பிளாஸ்டிக் பூ, தண்ணீர் பாட்டில். நொல்பெர்டோ பேச்சை நிறுத்தாமலே இரண்டு முறை ஹார்ன் அடித்தார். பாம், பாம். யாஸ்னாவின் கை தானாக நெஞ்சில் சிலுவை போட்டது. சிலியில் வண்டி ஓட்டுகிற எவரும் மாடத்தைச் சும்மா கடந்து போகமாட்டார்கள்.

அடுத்து ஒரு மாடம். பாம், பாம். அப்புறம் இன்னொன்று.

மழை வலுத்தது. மலையிலிருந்து ஒரு அருவி நேராகச் சாலையிலேயே விழுந்துகொண்டிருந்த வளைவு. வேலி பிய்ந்து கடல் பக்கம் தொங்கியது. சரி, இப்போது கேட்டுவிடலாம் என்று யாஸ்னா ஜாக்கெட் பைக்குள் கையை விட்டாள்.

பாம், பாம்.

அவள் வெளியே பார்த்தாள். திரும்பியும் பார்த்தாள். குடையளவு நல்கா இலைகள், ஈரப் பாறை, ஒடிந்த வேலி. மாடம் இல்லை. சிலுவை இல்லை. ஒரு பூகூட இல்லை.

"இது யாருக்கு மாமா?"

"எது?"

"இப்ப அடிச்சீங்களே. அங்க ஒண்ணுமே இல்லையே."

நொல்பெர்டோவின் வாய் முதல்முறையாக நின்றது. வைப்பர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பழக்கம்" என்றார் கடைசியில். "கை சும்மா இருக்காது."

சற்று தூரத்தில் நிஜமான மாடம் ஒன்று வந்தது. நீல வர்ணம் அடித்த பெரிய மாடம், உள்ளே மெழுகுவத்திகூட இருந்தது. நொல்பெர்டோவின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. ஹார்ன் அடிக்கவில்லை.

யாஸ்னா போட்டோவைப் பிடித்திருந்த விரல்களை மெல்லத் தளர்த்தி, வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

"எந்த ஊர்னு சொன்ன?" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடியே.

"சொல்லலையே மாமா. சந்தியாகோ" என்று பொய் சொன்னாள்.

"தனியாவா வந்த?"

"ஃப்ரெண்ட்ஸ் ஃபெர்ரித் துறையில காத்துக்கிட்டிருக்காங்க."

துறையில் யாரும் காத்திருக்கவில்லை. புயலுக்காகத் துறையை மூடிவிட்டார்கள். வரிசையில் நின்ற நாலைந்து வண்டிகள் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தன. கரையில் ஒரு தகரக் கடை மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

"உன் ஃப்ரெண்ட்ஸ் கடல்ல நீந்திப் போயிட்டாங்க போல" என்றார் நொல்பெர்டோ. சிரிக்கவில்லை. "கடையில உக்காரு. துறைக்காரனைப் பார்த்துட்டு வரேன். திரும்பிப் போறப்ப கூட்டிட்டுப் போறேன். மூட்டை வண்டியிலயே இருக்கட்டும்."

கடைக்குள் எண்ணெய்ச் சூடு முகத்தில் அடித்தது. ஓர்டென்சியா என்ற பருத்த பெண்மணி, முதுகைக் காட்டி நின்று சோபைபியா பொரித்துக்கொண்டிருந்தாள். பூசணி மாவு பொங்கும் வாசனை.

"நொல்பெர்டோ வண்டியிலயா வந்த? காது இருக்கா, கழண்டு விழுந்துடுச்சா?"

"பாதி இருக்கு அத்தே" என்றாள் யாஸ்னா. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். ஊர் விவரம் கேட்கிற மாதிரி. "அருவி வளைவுல ஹார்ன் அடிச்சாரே, அது யாருக்கு அத்தே?"

"அதுவா? அந்தச் சிவப்பு மூட்டைப் பையனுக்கு" என்றாள் ஓர்டென்சியா, கரண்டியால் ஒன்றைப் புரட்டிப் போட்டபடி. "நாங்க எல்லாருமே அடிப்போம்."

சொன்ன பிறகுதான் கரண்டி அந்தரத்தில் நின்றது.

மெல்லத் திரும்பினாள். யாஸ்னாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு, புருவம், இரண்டு கண்ணுக்கும் நடுவிலிருந்த மச்சம். அதே மச்சம் அவனுக்கும் உண்டு; போலீஸ் ஊரெல்லாம் காட்டிய போட்டோவிலும் அது இருந்தது.

"கடவுளே. நீ அவன் அக்காவா?"

"என்ன பண்ணீங்க அவனை?"

"யாரும் ஒண்ணும் பண்ணல பொண்ணே! மழை. நொல்பெர்டோ பார்க்கல. பிரேக் பிடிக்கல. வேலியோட சேர்ந்து கடல்ல..." ஓர்டென்சியா சமையல் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன் ஜெயிலுக்குப் போனா எங்க சிப்பியை யார் எடுப்பா? மொத்த ஊரும் பட்டினி கிடக்கணும். மாடம் கட்டினா யாருக்குன்னு கேப்பாங்க. அதான் ஹார்ன். அதையாவது செய்யறோம். ஒரு நாள் தவறினதில்ல."

"விழுந்தப்பவே செத்துட்டானா?"

ஓர்டென்சியா கண்ணை எடுத்து அடுப்பைப் பார்த்தாள். எண்ணெய் கருகத் தொடங்கியிருந்தது.

"உக்காரு. நொல்பெர்டோ வரட்டும். ஊர்ல பேசி ஒரு முடிவுக்கு வரலாம்" என்றாள் பிறகு. குரல் அன்பாகத்தான் இருந்தது. ஆனால் கை, சுவரில் தொங்கிய வயர்லெஸ் ரேடியோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

யாஸ்னா உட்காரவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினாள்.

போனில் சிக்னல் இல்லை. ஒரே சாலை. மலைப்பக்கத்துப் புதரோரமாகவே குனிந்து ஓடினாள். நீல மாடம் போனது. அருவிச் சத்தம் கேட்டது. அந்த வளைவில், நல்கா இலைகளுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்தாள். எதிரே ஒடிந்த வேலி. அதற்குக் கீழே கடல் இடித்துக்கொண்டிருந்தது.

"தனிலோ" என்றாள் உதட்டுக்குள். "வந்துட்டேன்டா."

துறையிலிருந்து திரும்புகிற வண்டி ஒன்று வந்தது. எழுந்து ஓடலாமா? கால் பரபரத்தது. வண்டி வளைவுக்கு வந்ததும் — பாம், பாம்.

அப்படியே உறைந்தாள். இவனும் அந்த ஊர்.

அடுத்தது ஒரு ஜீப். பாம், பாம். அதற்கும் எழவில்லை.

அதன் பின்னால் நொல்பெர்டோவின் லாரி. ஊர்ந்துதான் வந்தது. ஜன்னல் இறங்கியிருந்தது. "மகளே!" என்று கூப்பிட்டார். "மழையில செத்துப் போவ. வா, பேசலாம்." முகப்பு விளக்கு நல்கா இலைகள்மேல் மெல்ல நகர்ந்து, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே தயங்கி, கடந்து போனது. அப்போதும் அவர் மறக்கவில்லை. பாம், பாம்.

வெகுநேரம் வெறும் மழை.

பிறகு இன்னொரு எஞ்சின் சத்தம். பழைய வெள்ளை வேன். வளைவில் நுழைந்தது. அருவித் தண்ணீரைக் கிழித்தது. யாஸ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஹார்ன் இல்லை.

இலைகளைத் தள்ளிக்கொண்டு சாலைக்குப் பாய்ந்து கட்டைவிரலை நீட்டினாள். வேன் வழுக்கி நின்றது.

"அடிப்பாவி, உயிரே போச்சு!" என்றாள் ஓட்டி வந்தவள். கட்டை முடி, கையில் சிகரெட். வேனுக்குள் நூற்றுக்கணக்கான கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டன. "இந்த ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தானா? ஃபெர்ரி இல்லைங்கறாங்க, இந்தக் குஞ்சுகளைத் திரும்ப ஒசோர்னோவுக்கே ஓட்டிட்டுப் போறேன். ஏறு ஏறு, ஹீட்டர் போட்டிருக்கேன். உனக்கில்ல, அதுங்களுக்கு."

"என்னை ஒசோர்னோ போலீஸ் ஸ்டேஷன்ல இறக்கிவிடுங்க. வழியில எங்கயும் வேண்டாம்."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். சிகரெட்டை அணைத்தாள். கியரைப் போட்டாள்.

அடுத்த வளைவு தாண்டியதும் லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. நொல்பெர்டோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையில் நின்றார். யாஸ்னாவின் மூட்டை அவர் காலடியில் பிரிந்து கிடந்தது. 'காணவில்லை' நோட்டீஸ்கள் ஈரத்தில் சாலையெங்கும் ஒட்டிக் கிடந்தன. அத்தனையிலும் தனிலோ சிரித்துக்கொண்டிருந்தான்.

வேன் நெருங்கியது. நொல்பெர்டோ கண்ணாடிக்குள் யாஸ்னாவைப் பார்த்தார். கையை ஆட்டவில்லை. குறுக்கே வரவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இன்னொரு கை லாரிக்குள் போனது.

பாம், பாம்.

"யாருக்கு அடிக்கிறான் அந்த ஆள்?" என்று வேன்காரி எட்டிப் பார்த்தாள். "இங்க மாடம் ஒண்ணும் காணோமே?"

யாஸ்னா கதவுப் பூட்டை அழுத்தினாள்.

"நிறுத்தாதீங்க" என்றாள்.