சாயங்காலம் வாயடைக்கும் சூளை

விருத்தாசலம் பீங்கான் பேட்டையின் பழைய சூளையைப் பொது நூலகமாக மாற்றிய இரண்டாம் மாதத்திலிருந்து, சாயங்காலம் ஆறு மணியானால் அது தன் வாசலைத் தானே செங்கல் வைத்து அடைத்துக்கொண்டது. இஞ்சினியர் அறிவழகனைச் சும்மா சொல்லக்கூடாது. எதையும் இடிக்காமல், புதுச் செங்கல் ஒன்றுகூட வாங்காமல் வேலையை முடித்திருந்தார். தடித்த சுவர் வெயிலை உள்ளே விடவில்லை, புகைபோக்கி காற்றை இழுத்தது, ஏசி இல்லாமலே கூட்டம் அள்ளியது. அந்தக் காலத்தில் சூளை வாயை அடைத்த செங்கற்களை அவர் வாசகர்கள் உட்காரும் மேடையாகக் கட்டியிருந்தார். அவைதான் சாயங்காலம் கழன்று வாசலுக்குப் போயின, காலையில் மேடைக்குத் திரும்பின.

அடைத்தபின் உள்ளே என்ன நடக்கிறது என்று நூலகர் உபகாரமேரிக்குத் தெரியும். மேசையில் மறந்து வைத்த வாழைப்பழம் காலையில் கரிக்கட்டையாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த தினசரி பழுப்புக்கூட ஏறவில்லை. சூளைக்குப் புத்தகம் வேண்டாம், உயிருள்ளதுதான் வேண்டும்போல. சூளைக்காரர்களின் வழக்கம் பேட்டைக்கே தெரியும்: வாயை அடைக்குமுன் வெளியே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பெயருக்குரியவர் வெளியே வந்து ‘வந்துட்டேன்’ என்று சொல்லும்வரை அடுத்த செங்கல்லை வைக்கமாட்டார்கள். அவளும் தினமும் வாசகர்களை அப்படியே கூப்பிட்டு அனுப்பினாள். தன்னைக் கூப்பிட ஆள் வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்பினால், செங்கல் இடுப்புயரம் ஏறியிருந்தது. ஏறிக் குதிக்கப் போனாள். கை வைத்த இடம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. அலறினாள். வெளியே உதவியாளர் தர்மராஜ், “மேடம்! மேடம், வந்துடுங்க!” என்று செங்கல்லைப் பிடித்து இழுத்தான், அது அசையவில்லை. டீக்கடை ராஜாம்பாள் “ஐயோ, லைப்ரரியம்மா!” என்று தலையிலடித்துக்கொண்டாள். செங்கல் மார்புக்கு ஏறியது. உள்ளே நின்றவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்த புருஷன் ஜூடு, “ஏய்! இந்தா! வெளிய வா!” என்று கத்தினான். மரியாதைக்காரர்கள் எல்லாரும்! தாலி கட்டிய நாளிலிருந்து அவனும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; நாலு பேர் முன்னால் அது அவனுக்குக் கூச்சம்.

செங்கல் கழுத்தளவு வந்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் உடைந்து வந்தது. “என் பேரச் சொல்லுங்க! பேரு!”

“உபகாரமேரி!” என்றான் ஜூடு. அவன் வாயில் அந்தப் பெயர் புதுச் செருப்புபோல் கடித்தது. செங்கல் நின்றது. சூடு தணிந்தது. அவனும் தர்மராஜும் கையைப் பிடித்துத் தூக்க, அவள் மறுபக்கம் விழுந்து, சேற்றில் உட்கார்ந்தபடியே “வந்துட்டேன்” என்றாள். மீதிச் செங்கற்கள் நிதானமாக ஏறி வாசலை மூடின.

இப்போது ஜூடு தினமும் ஆறு மணிக்குமுன் வந்து, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடுமுறை நாளிலும் ஆறு மணியானால், வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போதே அவன் “உபகாரமேரி” என்பான். அவள் டம்ளரைக் கீழே வைத்து, தன் கைகளைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் “வந்துட்டேன்” என்பாள்.