பாதி டேங்கர்

டிரைவரின் மைத்துனன் ஓட்டிய பால் டேங்கர் மேம்பால வளைவில் கவிழ்ந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கி அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கம்பெனி அறிக்கை ஒரே வரியில் முடிந்துவிட்டது: 'ஓட்டுநரின் அதிவேகம்.'

அதைப் படித்ததிலிருந்து டிரைவருக்கு மனசு ஆறவில்லை. அதே கம்பெனியில் பதினெட்டு வருஷமாக டேங்கர் ஓட்டுகிறவர் அவர். வளைவில் நாற்பது வரை போகலாம் என்று பலகையே சொல்கிறது. மைத்துனன் போனது முப்பத்தெட்டில். பாதிப் பாலை ஒரு ஆலையில் இறக்கிவிட்டு, மீதியோடு பாலம் ஏறச் சொன்னது மேனேஜர். அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை.

அன்று காலை, பாதி பால் இறக்கிய டேங்கரோடு பாலம் ஏறும் அதே வேலையை மேனேஜர் டிரைவர் தலையில் கட்டினார். பாதி டேங்கரோடு பாலம் ஏற மாட்டேன் என்றார் டிரைவர். பயந்தால் மெதுவாகப் போக வேண்டியதுதானே என்று மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் டிரைவரை உசுப்பிவிட்டது.

"ஏறுங்க சார். பாலத்துக்கு வேணாம், இந்த யார்டுலயே ஒரு சுத்து."

மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜரால் மறுக்க முடியவில்லை. ஏறி பெல்ட் மாட்டினார்.

காலி யார்டில் வண்டி இருபதைத் தொட்டது. டிரைவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வளைத்தார். பின்னால் டேங்க் பாதி காலியாக இருந்ததால், பால் மொத்தமும் அலையாகப் புரண்டு வலப்பக்கச் சுவரில் போய் மோதியது. வண்டியே ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேனேஜர் கைப்பிடியைத் தாவிப் பிடித்தார்.

"நிறுத்துங்க!"

"வளைவுல பிரேக் அடிச்சா இன்னும் மோசம் சார். முன்னாடியே வேகத்தைக் குறைச்சிருக்கணும்." டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை மெல்ல நேராக்கினார். நின்ற பிறகும் பால் முன்னும் பின்னும் இடித்து வண்டியை உலுக்கியது. "இது இருபதுதான். முப்பத்தெட்டுல அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

மேனேஜருக்கு முகம் வெளுத்திருந்தது. இனிமேல் பாதி டேங்கரைப் பாலத்துக்கு அனுப்புவதில்லை என்றார். அறிக்கை மட்டும் மேலிடத்துக்குப் போய்விட்டதாம், ஒன்றும் செய்ய முடியாதாம்.

டிரைவர் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மாத்தி எழுதுங்க. அதுவரைக்கும் இந்த வண்டி நகராது."

பாதி டேங்கரைப் பாலத்துக்கு அனுப்பியதே காரணம் என்று, மத்தியானத்துக்குள் திருத்திய அறிக்கை வந்தது. டிரைவர் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மைத்துனன் இரண்டு தடவை படித்துவிட்டு, "என் மேல தப்பில்லன்னு இவங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுதா மாமா?" என்று கேட்டான்.

அறிக்கை திருந்தியும் டிரைவருக்குக் கோபம் அடங்கவே இல்லை.