ஐஸ் தொழிற்சாலைக்கு இரண்டாவது கடன்

...இல்லை, தொழிற்சாலை ஓடவில்லை என்று எழுத முடியாது, எழுதினால் இரண்டு வருஷத்துக்கு முன் ஓடும் என்று எழுதியவர் யார் என்று கேட்பார்கள், எழுதியது தேவநாதனேதான், தொழில் வளர்ச்சிக் கடன் நிறுவனத்தின் கடலூர் அதிகாரி, இப்போது சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் நடனசபாபதியின் ஐஸ் தொழிற்சாலைக் கோப்பு. மனிதர் லாரி வாங்க இரண்டாவது கடன் கேட்கிறார். கொடுத்தால் கோப்பில் அது விரிவாக்கம், மறுத்தால் முதல் கடனே வாராக்கடன்... தொழிற்சாலை என்னவோ ஒன்றுதான். முதல் கடன் கொடுத்தது மார்ச் இருபத்தெட்டு, ஒதுக்கிய பணத்தை மூன்று நாளில் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அடுத்த வருஷம் மெட்ராஸில் குறைத்துவிடுவார்கள், நடனசபாபதிக்கு வங்கிக்காரர் கையை விரித்தாரே, அதுவே அல்லவா தகுதியாகிப் போயிற்று! வங்கி கொடுக்காதவனுக்குக் கொடுக்கத்தானே நாம இருக்கோம் என்று மேலதிகாரி சக்கரபாணி மேசையைத் தட்ட, மைக்கூடு கவிழ்ந்து, ஐஸை யார் வாங்குவார்கள் என்று எழுதியிருந்த பக்கம் முழுக்க நீலம்... அதை மறுபடி எழுதினோமா?

புதுச்சத்திரத்தில் மீன்கூடையைப் பஸ் மேலே ஏற்றிவிட்டு ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அஞ்சம்மாளாம், முப்பத்துநாலு பக்க அறிக்கையில் மீன் விற்பவர் ஒருவர்கூட இல்லையே, கேட்டால்தான் என்ன, "ஐஸ் ஃபேக்டரி தெரியுமாம்மா?"

"தெரியாம என்னாங்க? அதும் நெழல்லதான் குந்தி யாவாரம் பண்றோம்."

"ஐஸ் வாங்குறதில்லையா?"

"எதுக்குங்க? மீனு கரையேறுன ரெண்டு மணி நேரத்துல வித்துப்போவுது. ஐஸு போட்டா நேத்து மீனுன்னு ஒருத்தியும் தொட மாட்டா. அந்த பேங்கு ஐயாகிட்ட அன்னிக்கே சொன்னனே... ரெண்டு கெழங்கா மீனு வாங்கிக்கினு கேட்டுட்டுப் போனாரு."

இரண்டு கிழங்கான் மீன்! தேவநாதன் அந்த அறிக்கைக்காக மெட்ராஸிலிருந்து நிபுணரை வரவழைத்து, லாட்ஜில் தங்கவைத்து, மூன்று வேளையும் மீன் குழம்போடு சாப்பாடு போட்டாரே, அப்போதுகூட இந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று...

தொழிற்சாலை வாசலில் நடனசபாபதி ரோஜாப்பூ மாலையோடு நின்றார், அவர் மனைவி சௌந்தரம் சர்பத் கொண்டுவந்தாள். "நம்ம ஐஸு சார்!" என்று நடனசபாபதி தம்ளரைக் காட்டினார்.

"யார் வாங்குறாங்க?"

"கல்யாணம் ரெண்டு, சாவு ஒண்ணு. சாவுதான் சார் நல்ல பார்ட்டி, வெல பேச மாட்டாங்க. ஒரு லாரி மட்டும் இருந்தா பாருங்க, கடலூரு வரைக்கும் நம்ம ஐஸுதான்!"

பொய்யில்லை, மனிதர் நிஜமாகவே நம்புகிறார், தம்ளரை நீட்டிய சௌந்தரத்தின் கையில் ஒரு வளையல்கூட இல்லை, போன தடவை டஜன் பொன்வளையல் குலுங்கியதே... இந்தக் கையைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, லாரி வந்தால் மட்டும் மீன் வாங்குகிறவர்கள் மனம் மாறிவிடுமா, சொல்லாவிட்டால் இவர்களுக்கு இன்னும் என்னதான் மிஞ்சும்... இது என் பணமாக இருந்தால்? பதினோரு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை என்பது சர்பத் தொண்டையில் இறங்கும்போதுதான் உறைத்தது. பேனாவைத் திறந்தார், 'இரண்டாவது கடனுக்குச் சிபாரிசு செய்' வரைக்கும் தடையில்லாமல் வந்தது, அதற்குமேல் 'கிறேன்' என்று போடுவதா, 'யவில்லை' என்று போடுவதா, நல்லவேளை, தமிழில் அதைக் கடைசியில் சொன்னால் போதும்... ஆனால் கடைசி வந்துவிட்டதே.