மாஸ்டரின் பையன்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில், காலடியில் தனியாக ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். "கண்ணாடியப் பாருங்க" என்று அவர் சொல்லும் தொனியிலேயே பாதிப் பேருக்கு வேர்த்துவிடும். பெரிய பெரிய அதிகாரிகள்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் பொம்மை சேர்க்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? யாருக்கும் அது தெரியாமல் அவரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்.

'ஏழாம் சுற்றுப்பாதை' என்று ஒரு விண்வெளிப் படவரிசை. வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்ட ஒரு கப்பலின் கதை. முதல் படம் வந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பின்னால் மகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாப் பாகங்களையும் திரும்பப் பார்த்தார். மகள் வளர்ந்து மடியை விட்டு இறங்கினாள், படத்தை விடவில்லை. கேப்டன், ஒற்றைக்கண் தளபதி, விமானிகளான அக்கா தங்கை என்று ஒவ்வொரு பொம்மையாக வீட்டுக்கு வரும்போது, எது எந்தத் தட்டில் நிற்க வேண்டும் என்று சொல்வது அவள்தான். "துரோகி எப்படிப்பா கேப்டன் பக்கத்துல நிப்பான்?" என்று எடுத்துக் கீழே வைப்பாள்.

படுக்கையறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி முழுக்க அந்தக் கூட்டம்தான். மனைவி அவற்றை "உங்க ஆளுங்க" என்பாள். "உங்க ஆளுங்களுக்குத் தூசி தட்டியாச்சு" என்று சொல்வதில் கேலி இருக்கும், கோபம் இருக்காது. விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரிமேல் ஒரு போர்வை தொங்கும். ஒரு தடவை மனைவியின் அண்ணன் சட்டை மாற்றுவதற்காக அந்த அறைக்குள் போய், போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, பொம்மைக் கடை வெச்சிருக்கீங்க?"

"பொண்ணோடது" என்றார் மாஸ்டர், சட்டென்று.

வாசலில் நின்ற மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா மாமா, எல்லாம் என்னோடதுதான்" என்றாள். மாமா போனபின் அப்பாவும் பெண்ணும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் பொம்மை வாங்கும் கடையில் அவர் சொல்லி வைத்திருந்த கதை மகளுக்குத் தெரியாது.

கடை ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், தையல் கடையை ஒட்டி இருந்தது. மகள் ஏழாவது படிக்கும்போது திறந்தார்கள். மாஸ்டர் முதலில் உள்ளே போனது மழைக்கு ஒதுங்கத்தான். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கால் ரோபோ நின்றிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தார். முட்டி மடங்கியது. முதுகில் சின்னக் கதவு திறந்து மூடியது. படத்தில் வரைபடத்தை அதற்குள்தான் ஒளித்து வைப்பார்கள்.

"பையனுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். எத்தனாவது படிக்கிறான் என்றார். மூன்றாவது என்றார் மாஸ்டர், வாய்க்கு வந்ததை. வாடிக்கையாளரின் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கடைக்காரருக்கு 'நம்ம தம்பி'தான். அதனால் பையனுக்குப் பெயர் வைக்கும் வேலை மட்டும் இல்லாமல் போயிற்று.

பொய்யில் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான். தீனி போட வேண்டியிருந்தது. நம்ம தம்பி எப்படி இருக்கான், நல்லா வரைவானா, சாப்பிடுவானா என்று ஒவ்வொரு தடவையும் கேள்வி வரும். மாஸ்டருக்குப் புதிதாகக் கற்பனை செய்யத் தெரியாது. வீட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். மகளுக்கு இடதுகைப் பழக்கம், பையனும் அப்படியே ஆனான். மகளுக்கு ஓவியப் போட்டியில் பரிசு கிடைத்தது, கடையில் அதைப் பையன் வாங்கினான். கடைக்காரர் வயதுக் கணக்குப் பார்க்காதவர் என்பதால் பையன் மட்டும் மெதுவாக வளர்ந்தான்.

ஒரு சமயம் மகள் காய்ச்சலில் விழுந்து நாளாகியும் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் மருந்து வாங்க வந்தவர், கால் போன போக்கில் கடைக்குள் நுழைந்தார். முகத்தைப் பார்த்தே கடைக்காரர் விசாரித்தார். "பையனுக்குக் காய்ச்சல்" என்றார் மாஸ்டர். சொல்லும்போது குரல் உண்மையாகவே உடைந்தது. கடைக்காரர் உள்ளே போய், விற்பனைக்கு வராத, கம்பெனி கடைகளுக்கு மட்டும் அனுப்பிய குட்டி விண்கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார். காசு வாங்கவில்லை. "கண்ணு முழிச்சதும் கையில குடுங்க" என்றார்.

வீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கப்பலை அலமாரியின் மேல்தட்டில் கேப்டனுக்குப் பின்னால் வைத்தார். அவள் விழித்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

"நானும் அந்தக் கடைக்கு வரேன்பா" என்று மகள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை என்பார். ஊருக்கே வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறவர் சொல்கிற சாக்கு அது.

இந்த வருடம் மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று வீட்டுக்குத் தாமதமாக வந்தாள். கையில் ஒரு பெட்டி. மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். கப்பலின் சமையல்காரர், கையில் கரண்டியோடு. படத்தில் இரண்டே காட்சியில் வருகிற ஆள் என்பதால் பொம்மையும் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். அலமாரியில் இல்லாதது அது ஒன்றுதான். மாஸ்டர் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தார்.

"யம்மா," என்றார் பூரிப்போடு, "இது எங்க கிடைச்சுது?"

"நீங்க வாங்குற கடையிலதான். தம்பிக்காக எடுத்து வெச்சிருந்தாராம்."

"எந்தத் தம்பிக்கு?" என்றபடி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என் தம்பிக்குமா. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பொண்ணுன்னேன். நம்ம தம்பியோட அக்காவான்னு கேட்டு உக்கார வெச்சாரு. தம்பி என்னை மாதிரியே இடதுகையாம். படம் வரைஞ்சு பரிசெல்லாம் வாங்கியிருக்கானாம்."

மாஸ்டர் பேப்பரை மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார்.

"நீ என்ன சொன்னே?" என்றார் கடைசியில்.

"ஆமான்னேன். வேற என்ன சொல்றது? எங்கப்பாவைப் பொய்யர்னா சொல்ல முடியும்?"

"அவருதாம்மா முதல்ல பையனுக்கான்னு கேட்டாரு. ஒரு பேச்சுக்கு ஆமான்னுட்டேன்."

"அது முதல் தடவை. அப்புறம்?"

மாஸ்டர் பேப்பரை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"மாமாகிட்ட எல்லாம் என்னோடதுன்னீங்க. நானும் ஆமான்னேன். கடையிலயும் பொண்ணுக்குன்னு சொல்லியிருக்கலாமே. நீங்க கேட்டா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "காய்ச்சல்ல கிடந்தது யாருப்பா?"

மாஸ்டர் தலை நிமிரவில்லை.

"கப்பல் குடுத்தனுப்பினேனே, தம்பி இன்னும் வெச்சிருக்கானான்னு கேட்டாரு. பத்திரமா இருக்குன்னு சொன்னேன். உங்களுக்கு மகன் வேணும்னு இருந்துச்சாப்பா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்புறம் ஏன்?"

ஏன் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பையனுக்கு என்றால் கடைக்காரர் மேலே யோசிக்க மாட்டார். பெண்ணுக்கு என்றால் ஒரு கணம் புருவம் உயரும். அந்தப் புருவத்துக்குப் பயந்து, இருந்த பெண்ணை மறைத்து இல்லாத பையனை நிறுத்தியிருக்கிறார். இதை எந்த வாயால் சொல்வது? மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எனக்கே தெரியாம எனக்கொரு பிள்ளை" என்றாள் மனைவி. அதைச் சிரிக்கும்படியாகத்தான் சொல்ல நினைத்தாள். பாதியில் குரல் மாறிவிட்டது. பெட்டியை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் மகள் அவரிடம் பேசாமல் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பயிற்சி வண்டியில் ஒரு அம்மா தப்பான பக்கம் திரும்பியபோது மாஸ்டருக்கு அதட்ட வாய் வரவில்லை. "பரவாயில்லம்மா, மெதுவா" என்றார். அந்த அம்மா பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

வேலை முடிந்து ஒரு நாள் மாலை கடைக்குப் போனார். பக்கத்துக் கடைத் தையல்காரரும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது. கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"வாங்க மாஸ்டர். சமையல்காரரைப் பார்த்துத் தம்பி குதிச்சிருப்பானே."

"எனக்குப் பையன் இல்லீங்க" என்றார் மாஸ்டர். "ஒரே பொண்ணு. அன்னிக்கு வந்தாளே, அவதான். இங்க வாங்கினது எல்லாம் எனக்கு."

கடைக்காரர் சிரிப்பார், இல்லாவிட்டால் எனக்கு அப்போதே தெரியும் என்பார், இரண்டில் ஒன்று நடக்கும் என்று மாஸ்டர் எண்ணியிருந்தார். இரண்டும் நடக்கவில்லை. தையல்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார். அவர் கேலி செய்திருந்தால்கூட அந்த நாகரிகம் அளவுக்குச் சுட்டிருக்காது.

"காய்ச்சல்னு சொன்னீங்களே" என்றார் கடைக்காரர்.

"காய்ச்சல் நிஜம். பொண்ணுக்கு."

"நான் குடுத்த கப்பல்?"

"நானே வெச்சுக்கிட்டேன்."

கடைக்காரர் மேசைமேல் கிடந்த விலைச்சீட்டுகளை ஒதுக்கினார். "என் சின்னவன் எதைக் குடுத்தாலும் உடைச்சிடுவான் சார். மாஸ்டர் பையனைப் பாருடா, எவ்வளவு பத்திரமா வெச்சுக்கறான், நீயும் இருக்கியேன்னு திட்டுவேன். ஒரு தடவை கை நீட்டியும் இருக்கேன்."

மாஸ்டர் கூனிக்குறுகி நின்றார். தன் பொய் தன் வீட்டில் மட்டுமே குடியிருந்தது என்று நினைத்திருந்தார். அது இன்னொரு வீட்டுக்குள்ளும் புகுந்து, முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு அடி வாங்கிக் கொடுத்திருக்கிறது.

"மன்னிச்சிடுங்க" என்றார்.

"இதுல நான் மன்னிக்க என்ன இருக்கு. நீங்க உங்களுக்குன்னே வாங்கியிருக்கலாம் சார். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு அவங்களுக்குத்தான் வாங்குறாங்க." அவர் திரும்பிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மாஸ்டர் பார்த்ததில்லை. மாஸ்டர் வெளியே வந்தார்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் நின்றார்.

"கடைக்குப் போய்ச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"இருக்கறதை. எனக்கு ஒரு பொண்ணுதான்னு. பொம்மை என்னோடதுன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

மாஸ்டர் சின்னவன் அடி வாங்கிய கதையையும் மறைக்காமல் சொன்னார். மகள் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் கேட்டாள்.

"பாவம் அந்தப் பையன்" என்றாள்.

"ஆமா."

"எனக்கு இன்னும் கோபம் போகலப்பா."

"தெரியும்மா."

"அவர்கிட்ட சொன்னதால போயிடாது."

"சரிம்மா."

அவள் சட்டையை மடித்து அடுக்கில் வைத்தாள். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மூவரும் உட்கார்ந்தார்கள். மகள் அம்மாவிடம்தான் பேசினாள். கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர், தலையில் ஏற்றி வைத்திருந்த தன் கண்ணாடியையே காணோம் என்று தேடினாராம். மனைவி சிரித்தாள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளத் தனக்கு இன்னும் இடம் உண்டா என்று தெரியாமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.