அட்டை மனிதர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ் அந்த வருஷத்துக் கோப்பைக்காகச் சனிக்கிழமைதோறும் ரைபிள் கழகத்தில் பயிற்சி எடுத்துவந்தான். சிறுரகத் துப்பாக்கிதான். ஆனால் அவன் மூச்சை அடக்கி விசையை இழுத்தால் குண்டு கறுப்பு வட்டத்தின் நடுவிலேயே பாயும்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம், வட்டங்கள் இருந்த இடத்தில் ஆள் உருவில் வெட்டிய அட்டைகள் நின்றன.

"நெஞ்சுக்குச் சுடு," என்றார் கழகத்தை நடத்திய வெள்ளைக்காரக் கப்டன்.

கிளறன்ஸின் அக்கா புருஷன், துறைமுகத் தொழிலாளி றொபேட், காலையில்தான் சொல்லியிருந்தான்: "திங்கக்கிழமை ஊர்வலம் போறம், மச்சான். நீயும் வாவன்."

கிளறன்ஸ் தன்னை இந்த வேலையிலிருந்து கழித்துவிடட்டும் என்று, வேண்டுமென்றே குறியை விலக்கிச் சுட்டான். ஒரு குண்டும் அட்டையில் படவில்லை.

கப்டன் சிரித்தார். பெரிய ரைபிள் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"திங்கட்கிழமை துறைமுக வாசலுக்கு வா. அங்கே வேலைநிறுத்தக்காரர்கள் இன்னும் கிட்ட நிற்பார்கள்."

"என்னால் முடியாது, சேர்."

கப்டன் ரைபிளை வாங்கி, வரிசையில் அடுத்து நின்றவனிடம் நீட்டினார். அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

கிளறன்ஸ் தொப்பியைக்கூட எடுக்காமல் றொபேட்டின் வீட்டை நோக்கி ஓடினான்.